ராஜா மாறினார், மூக்கு மாறவில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் மாசிலாமணி பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பான். அவனுக்கு எதற்கு அந்த வீண் வேலை? உன் செல்போனுக்கு எப்போது அடித்தாலும் அவன்தான் எடுக்கிறான். "தலைவர் மீட்டிங்ல கீறாரும்மா" என்கிறான். பெற்றவளிடமே பிள்ளையைத் தலைவர் என்று சொல்கிறவனோடு நான் என்ன பேச? அதனால் எழுதுகிறேன். அவனும் படிக்கட்டும். விடிந்ததிலிருந்து நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிற அந்தக் கூட்டமும் படிக்கட்டும். ஒருவன் உரக்கப் படித்து மற்றவர்கள் கேட்டால் இன்னும் நல்லது, அதில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வராது.

வருகிற வெள்ளிக்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் உன் அப்பாவின் படத்தைத் திறக்கப் போகிறீர்களாம். நான் மேடையில் உட்கார வேண்டுமாம். மைக்கைப் பிடித்து, 'என் மகன் அப்படியே அவங்க அப்பா மாதிரி' என்று இரண்டு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நம் வீட்டை விட்டு வந்து சின்ன காஞ்சிபுரத்தில் நான் தனியாகக் குடியிருக்கும் இந்தச் சின்ன வீட்டுக்கு மாசிலாமணியே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனான். கையில் ஒரு பட்டுச் சேலைப் பெட்டி. சாயப்பட்டறை முதலாளி அன்போடு கொடுத்தனுப்பினாராம், மேடைக்கு அதைத்தான் நான் கட்டிக்கொண்டு வர வேண்டுமாம். படத்திறப்பு முடிந்த கையோடு ஊராட்சி மன்றக் கூட்டம் இருக்கிறது என்பதையும், அதில் அந்தச் சாயப்பட்டறைக்கு உரிமத்தைப் புதுப்பித்து நீ கையெழுத்துப் போடப் போகிறாய் என்பதையும் அவன் சொல்லவில்லை. ஐயம்பேட்டை பஸ்ஸில் நம் ஊர்க் கீழத்தெருப் பெண்கள் சொன்னார்கள். சேலை என்ன நிறம் தெரியுமா? அரக்கு. கீழத்தெருக் கிணற்றுத் தண்ணீரின் அதே அரக்கு. அந்த மனிதருக்கு வெட்கம்தான் இல்லை என்று நினைத்திருந்தேன், புத்தியும் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ எட்டாவது படிக்கும்போது சென்னை அருங்காட்சியகத்துக்கு உன்னை அழைத்துக்கொண்டு போனேன். சரித்திர ஆசிரியைகளுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு. உன்னை விட்டுவிட்டுப் போக இடமில்லை, கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நம் தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளை வைத்திருந்தார்கள். சுவரில் பெரிதாக்கிய சில காசுப் படங்கள். அதில் இரண்டு படங்களைக் காட்டி, அங்கிருந்த அதிகாரி, இவை இரண்டும் ஒரே ஆளா வேறு வேறு ஆளா என்று எங்களைக் கேட்டார். ஆசிரியைகள் எல்லோரும் ஒரே ஆள் என்றோம். அதே வளைந்த மூக்கு, அதே நீளக் கழுத்து. இல்லை என்றார். ஒருவர் நெர்வா, இன்னொருவர் அவருக்கு அடுத்து வந்த டிராஜன். பெற்ற பிள்ளைகூட இல்லை, தத்துப்பிள்ளை. கிழவர் செத்தபோது இவர் எங்கோ எல்லையில் படையோடு இருந்தார். தலைநகரில் அச்சு வெட்டுகிறவனுக்குப் புது ராஜாவின் முகம் சரியாகத் தெரியாது. காசு அடிக்கச் சொல்லி ஆணை வந்துவிட்டது. கையில் இருந்தது பழைய ராஜாவின் முகம். அதையே வெட்டி, சுற்றிலும் புதுப் பெயரைப் போட்டுவிட்டான். சில ராஜாக்கள் இதை வேண்டுமென்றே செய்யச் சொன்னதும் உண்டு என்றார் அந்த அதிகாரி. ஜனங்களுக்குப் பழைய முகம் பழகிவிட்டது, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று.

நீ அப்போது என்ன செய்தாய் தெரியுமா? அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாய். "ஏம்மா, ராஜா மாறிட்டாரு, மூக்கு மாறலியா? அந்த ஆளுக்கு வெக்கமா இருக்காது?" என்று கேட்டாய். அதிகாரி உன்னைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு அப்படி ஒரு பெருமை. இப்போது உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் என் காதில் கேட்கிறது.

ஊராட்சித் தலைவர் பதவியில் இருக்கும்போதே உன் அப்பா போய்ச் சேர்ந்தார், கையோடு இடைத்தேர்தல் வந்தது. நீ சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தாய், பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவாய். மாசிலாமணி கூட்டம்தான் உன்னைப் பிடித்து நிறுத்தியது. நீ மனு கொடுத்துவிட்டு வேலையை விட்டுவர மறுபடி சென்னைக்குப் போய்விட்டாய். அந்த இடைவெளியில் பால் சொசைட்டிச் சுவர் பக்கம் போனேன். கன்னியப்பன் ஏணிமேல் நின்றுகொண்டு வரைந்துகொண்டிருந்தான். ஊரில் எந்தத் தேர்தல் வந்தாலும் சுவரில் முகம் வரைகிறவன் அவன்தான். பழைய எக்ஸ்ரே பிலிமில் உன் அப்பாவின் முகத்தை வெட்டி வைத்திருக்கிறான். சுவரில் அதை ஒட்டிப் பிடித்துப் பெயின்ட் தொட்டு ஒற்றினால் கண், மூக்கு, மீசை எல்லாம் வந்துவிடும், பிறகு தூரிகையால் இழுத்துவிடுவான். சுவரில் உன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மேலே இருந்தது என் புருஷன்.

"கன்னியப்பா, இது யாரு?" என்றேன்.

"இன்னா டீச்சர் இப்டி கேக்கறீங்க? நம்ம தம்பிதான்."

"இது உங்க தலைவர் மூஞ்சி."

"தலைவர் மூஞ்சிதான். மண்டைல முடி போட்டுக்கீறேன் பாருங்க. தம்பிய நானு இன்னா டெய்லியா பாக்கறேன்? போட்டோ குடுங்கன்னு மாசிலாமணியாண்ட கேட்டுக்கினே கீறேன், குடுக்கல. எலெக்‌ஷன் வந்துட்டுது, செவுரு காலியா இருந்தா எதிர்ப்பார்ட்டி எழுதிடுவான்."

"கன்னத்துல மரு எதுக்கு? அவனுக்கு மருவே இல்லியே."

ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஆமா, இருந்துட்டுது. பிலிம்ல வெட்டியாச்சே டீச்சர். போவட்டும், பாக்கறதுக்கு ஒரு இதுவா கீது."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ரோமாபுரியில் அச்சு வெட்டியவனும் இவனும் ஒரே ஜாதி. கையில் இருந்ததை வைத்து வேலையை முடித்தார்கள். நீ வந்து பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பாய், கன்னியப்பனைப் பிடித்து உட்காரவைத்து உன் முகத்தை வரையச் சொல்வாய் என்று நினைத்தேன். நீ வந்தாய். பால் சொசைட்டிச் சுவருக்கு முன்னால் நின்றாய். உன் பக்கத்தில் மாசிலாமணி கைகட்டி நின்றுகொண்டு, "மாத்தாதீங்க தம்பி. ஜனங்க பாத்துட்டு தலைவரே எழுந்து வந்துட்டாருன்னு பேசிக்கினு இருக்குது" என்றான். நீ சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து அந்தப் படத்தைப் பார்த்தாய், துணிக்கடைக் கண்ணாடியில் புதுச் சட்டையைப் பார்க்கிறவன் மாதிரி. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் மீசை. உனக்கு மேலுதட்டில் முடி அடர்த்தியாக வராது, பென்சிலால் நிரப்புகிறாய் என்று ஊரே சொல்கிறது. பிறகு அந்தக் கரை வைத்த துண்டு, இடது தோளில். உன் அப்பாவுக்கு வலது கையை வீசிப் பேசுகிற பழக்கம், அதனால் இடது தோளில் போட்டார். நீ இடது கைப் பழக்கக்காரன். பேசும்போதெல்லாம் துண்டு நழுவிக் கீழே விழுகிறது, மாசிலாமணி எடுத்துப் போடுகிறான், மறுபடி விழுகிறது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டதாம் என்று என் வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன். அந்தப் பூனை என் வீட்டில் வளர்ந்தது. பிறகு கனைப்பு. யாராவது ஒரு கேள்வி கேட்டால் உன் அப்பா முதலில் தொண்டையைக் கனைப்பார். பொடி போட்டுப் போட்டுக் கெட்ட தொண்டை அது. கனைத்து முடிப்பதற்குள் ஒரு பொய்யும் தயாராகிவிடும். உனக்கு எந்தப் பொடி? நீ கனைப்பது மார்கழிக் குளிரில் ஆட்டுக்குட்டி செருமுகிற மாதிரி இருக்கிறது.

மூக்குக் கண்ணாடிக்கு வருகிறேன். அவர் கண்ணாடியை நீ எடுத்துக்கொண்டு போனபோது, போகட்டும், அப்பா நினைவுக்கு வைத்துக்கொள்கிறான் என்று இருந்தேன். காந்தி ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவரின் மகள் என்னிடம் படித்தவள். போன வாரம் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பிக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்குது டீச்சர்? பவரை எடுத்துட்டு வெறும் கண்ணாடி போட்டுக் குடுங்கன்னு வாங்கிக்கினு போனாரே, எதுக்கு?" என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு அது இல்லாவிட்டால் எதிரே வருகிற மாடு தெரியாது. உனக்குக் கழுகுக் கண். அவர் பார்ப்பதற்காகப் போட்டதை நீ பார்க்கப்படுவதற்காகப் போட்டுக்கொள்கிறாய். மரு ஒன்றுதான் பாக்கி. அதையும் மையால் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்தாலும் வருவாய்.

உன் அப்பா உத்தமர் என்று சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. அவரை எனக்குத் தெரிந்த அளவுக்கு மாசிலாமணிக்குத் தெரியாது. சாயப்பட்டறையை ஊருக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். ஊருக்கு வேலை வரும் என்றார், வந்தது. கூடவே சாயத் தண்ணீரும் கால்வாயில் வந்து கீழத்தெருக் கிணறுகளில் இறங்கியது. காஞ்சிபுரத்துக் கடைகளில் என்ன நிறம் ஓடுகிறது என்று கீழத்தெருப் பெண்களுக்குக் கடைக்காரனுக்கு முன்பே தெரியும். பச்சை ஓடினால் கிணறு பச்சை. முகூர்த்த மாதம் வந்தால் அரக்கு. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் பெருமாள் கோயில் பக்கத்துக் குழாய் வரைக்கும் குடத்தோடு பஸ் ஏறுகிறார்கள். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் கேட்கிறான்.

நீ இரண்டாம் வருஷம் காலேஜில் படித்தபோது லீவுக்கு வந்திருந்தாய். கீழத்தெருப் பச்சையம்மா வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து, அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது இலைக்குப் பக்கத்தில் வைத்தாய்.

"இன்னாடா இது?" என்றார்.

"கீழத்தெருக்காரங்க குடிக்கிற தண்ணி. நீங்களும் குடிங்க பாக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு சொம்புக்குள் பார்த்தார். "அரக்கா? கல்யாண சீசனாச்சே" என்றார். சொம்பைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, "இன்னாடா, செத்துட்டனா? போய்ப் படிக்கிற வேலையப் பாரு" என்றார். பிறகு வயிறு போய்ச் சுருண்டு படுத்ததும், பட்டறைத் தண்ணீரால் என்று ஒப்புக்கொள்ளாமல் கத்தரிக்காய்க் குழம்பின்மேல் பழி போட்டதும் எனக்கு மட்டும் தெரியும். அது திமிர். வெறும் திமிர். என்றாலும் குடித்தார். தான் செய்தது தன் வயிற்றுக்குள் போகட்டும் என்கிற அளவுக்காவது அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு முகம் இருந்தது.

நீ சாப்பிடாமல் எழுந்து போய் பஸ் ஸ்டாப்பில் நின்றாய். நான் பின்னாலேயே ஓடி வந்தேன். "ஒருநாள் அந்த நாற்காலில நான் உக்காந்தா மொதல் வேலை அந்தப் பட்டறையை மூடறதுதாம்மா. இந்த ஆள் மாதிரி நான் ஆவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதாய். உன் முகம் அழுது வீங்கி, மூக்கு சிவந்து, யாரைப் போலவும் இல்லாமல் இருந்தது. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் 'அப்பாவை உரிச்சி வெச்சிக்குது' என்றார்கள். அன்று பிறந்த குழந்தை யாரைத்தான் உரித்து வைத்திருக்கும்? நீ உரித்த வெங்காயம் மாதிரி இருந்தாய். உன் முகம் என்று ஒன்றை நான் முதலில் பார்த்தது அந்த பஸ் ஸ்டாப்பில்தான். கடைசியாகப் பார்த்ததும் அங்கேதானோ என்று பயமாக இருக்கிறது.

கீழத்தெருவுக்கு நீ ஓட்டுக் கேட்கப் போனாயே, நானும் வந்தேன். பச்சையம்மா வாளியில் தண்ணீர் இறைத்து உன் முன்னால் வைத்து, "உங்க அப்பாவாண்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சிப் போச்சி. நீ படிச்ச புள்ள, நீயாவது பண்ணுப்பா" என்றாள். நீ வாளியைப் பார்த்தாய். தொண்டையைக் கனைத்தாய். "நம்மாண்ட வுட்டுடு ஆயா" என்றாய், அவர் குரலில். அவள் நம்பிவிட்டாள். கீழத்தெரு மொத்தமும் உனக்குப் போட்டது. இப்போது உன் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வருகிறது. சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு வருகிறவன் கீழத்தெரு வழியாகத்தான் வருகிறான், அந்தப் பெண்கள் வாசலில் நின்று பார்க்கிறார்கள்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அந்தப் பழமொழியை ஒரு நாளைக்கு ஒருதடவையாவது யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நூல் சரியாகத்தான் இருந்தது தம்பி. சாயம் எந்தப் பட்டறையில் ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த டிராஜன் கதையின் மீதியை நீ மறந்திருப்பாய், உன் சிரிப்பு உனக்குப் பெரிதாக இருந்தது. கொஞ்ச நாளில் அவருடைய காசுகளில் அவருடைய மூக்கே வந்துவிட்டது என்று அதிகாரி அடுத்த படத்தைக் காட்டினார். டிராஜன் பழைய முகத்தில் தொடங்கிச் சொந்த முகத்துக்கு வந்தார். நீ சொந்த முகத்தோடு ஊருக்கு வந்து பழைய முகத்துக்குள் புகுந்துகொண்டாய். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பொற்காசுகளில் சிலவற்றில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருந்தது, யார் வெட்டியது என்று நீதான் கேட்டாய். நம் பக்கத்து ஆட்கள் வெட்டியிருக்கலாம், உள்ளே தங்கம்தானா என்று பார்க்க என்றார் அவர். ராஜாவின் மூக்கு யாருடையதாக இருந்தால் அவர்களுக்கு என்ன? வெள்ளிக்கிழமை கீழத்தெரு உன்னை வெட்டிப் பார்க்கும். என்ன தெரியப்போகிறது என்று யோசித்துக்கொள்.

சேலையை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். முதலாளியின் வீட்டம்மாவுக்குக் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை நான் வருவேன், மேடைக்கு இல்லை. கீழத்தெருவில் இறங்கி, பச்சையம்மா வீட்டுக் கிணற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு, அந்தப் பெண்களோடு மன்றக் கூட்டத்துக்கு வருவேன். உள்ளே விட மாட்டேன் என்று மாசிலாமணி சொன்னால் வராந்தாவில் நிற்போம். அதே சொம்புதான், வீட்டை விட்டு வரும்போது நான் எடுத்துவந்த பாத்திரங்களில் அது இருக்கிறது. நீ அப்படியே உன் அப்பா மாதிரி என்றால் அவர் செய்ததைச் செய். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசை கலையாமல் துடைத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடு. நானே மைக்கைப் பிடித்து ஊர் கேட்கச் சொல்கிறேன், அப்படியே அவங்க அப்பா மாதிரி என்று. குடிக்க முடியாது என்றால் பேனாவை மூடி வை. கனைக்க வேண்டாம். கண்ணாடியைக்கூடக் கழற்ற வேண்டாம். பவர் இல்லாத வெறும் கண்ணாடிதானே, தண்ணீர் என்ன நிறம் என்று அதன் வழியாகவும் உனக்கு நன்றாகத் தெரியும்.

உன் அம்மா